உலோக இடப்பெயர்ச்சியும் மோல் விகிதமும்: இரும்பு – மயில் துத்தப் பரிசோதனை

உலோக இடப்பெயர்ச்சி என்பது, வினைத்திறன் மிகுந்த ஓர் உலோகம், வினைத்திறன் குறைந்த மற்றோர் உலோகத்தை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றி, அதன் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளும் வேதிவினையாகும். நீல நிறக் காப்பர் சல்பேட் (மயில் துத்தம்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால், ஆணியின் மேல் செந்நிறச் செம்பு படிகிறது. கரைசலின் நீலம் மெல்ல மங்கி இளம்பச்சையாகிறது. பள்ளி ஆய்வகங்களில் இடப்பெயர்ச்சி வினைக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு இதுவே.

நிறம் மாறுவதைக் கண்டதும் பரிசோதனை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போன இரும்பையும் வெளியே வந்த செம்பையும் எடைபோட்டால், அதே பரிசோதனை இன்னொரு கேள்விக்கும் விடை தரும்: ஓர் இரும்பு அணு எத்தனை செம்பு அணுக்களை வெளியேற்றுகிறது? இந்த எண்ணிக்கையே மோல் விகிதம். சமன்பாட்டில் மனப்பாடம் செய்யும் எண்களுக்குத் தராசில் சான்று உண்டு என்பதை இப்பரிசோதனை காட்டுகிறது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் சில, கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள திருவதிகை, அதை ஒட்டிய பண்ருட்டி, அருகிலுள்ள நெய்வேலி நகரியம் ஆகிய பகுதிகளின் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. மோல் கணக்கு அங்கே முந்திரிக் கிடங்கிலும் தோட்டத்திலும்கூட இருக்கிறது.

வினைத்திறன் வரிசை

உலோகங்கள் எலக்ட்ரான்களை இழக்கும் எளிமையின்படி அவற்றை வரிசைப்படுத்தலாம். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், செம்பு, வெள்ளி, பொன் என்று அவ்வரிசை இறங்குகிறது. மேலே உள்ள உலோகம் கீழே உள்ள உலோகத்தை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். கீழே உள்ளது மேலே உள்ளதை வெளியேற்றாது. செம்புக் கம்பியை இரும்பு சல்பேட் கரைசலில் எத்தனை நாள் போட்டு வைத்தாலும் அதன்மேல் இரும்பு படிவதில்லை. வரிசையின் உச்சியில் உள்ள பொட்டாசியம், சோடியம் போன்றவை இதற்குப் பயன்படா. அவை கரைசலில் உள்ள நீரோடேயே கடுமையாக வினைபுரிந்துவிடும்.

நெய்வேலி அனல்மின் நிலையங்களிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் செல்லும் உயர்ந்த எஃகுக் கோபுரங்களுக்குத் துத்தநாகப் பூச்சு இடப்படுவதும் இந்த வரிசையின் அடிப்படையில்தான். துத்தநாகம் இரும்புக்கு மேலே இருப்பதால், பூச்சில் கீறல் விழுந்தாலும் முதலில் துத்தநாகமே எலக்ட்ரான்களை இழந்து அரிக்கப்படும். அதுவரை எஃகு காக்கப்படும்.

இரும்பு – காப்பர் சல்பேட் வினையில் நடப்பது எலக்ட்ரான் கைமாற்றம். இரும்பு அணு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிக் கரைசலுக்குள் போகிறது. கரைசலில் உள்ள செம்பு அயனி இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று உலோகச் செம்பாகப் படிகிறது. சல்பேட் அயனி இதில் பங்கு கொள்ளாமல் வெறும் பார்வையாளராக நிற்கிறது.

எடைபோட்டு எண்ணுதல்

அணுக்களைக் கையால் எண்ண முடியாது. ஆனால் எடைபோட்டு எண்ணலாம். இதற்குப் பண்ருட்டி வட்டாரத்து மாணவர்கள் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முந்திரிப் பருப்பு வணிகத்தில் முழுப் பருப்புகளை டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 எனத் தரம் பிரிக்கிறார்கள். அந்த எண், ஒரு பவுண்டு (453.6 கிராம்) எடையில் அதிக அளவாக எத்தனை பருப்புகள் இருக்கும் என்பதைக் குறிக்கிறது. ஒரு பவுண்டில் 240 இருந்தால் ஒரு பருப்பின் எடை ஏறத்தாழ 1.89 கிராம், 320 இருந்தால் 1.42 கிராம். எனவே ஒரு மூட்டையின் எடை தெரிந்தால், பிரித்துப் பார்க்காமலேயே அதில் உள்ள பருப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம்.

ஒரு பெட்டியில் உள்ள 320 ரகப் பருப்புகளை எடுத்துவிட்டு, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 240 ரகப் பருப்புகளை வைத்தால், எண்ணிக்கை மாறாது. எடை மட்டும் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் கூடும். ஒன்றுக்கு ஒன்று வைக்காமல், இரண்டை எடுத்து மூன்று வைத்திருந்தால் எடை இன்னும் அதிகமாகக் கூடும். ஆகவே, பெட்டியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டாலே எந்தக் கணக்கில் மாற்றினார்கள் என்று கண்டுபிடித்துவிட முடியும்.

வேதியியலில் இந்த எண்ணிக்கைக்கான அலகு மோல். ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள். ஒரு தனிமத்தின் ஒப்பு அணு நிறையைக் கிராமில் எடுத்துக்கொண்டால் அதில் ஒரு மோல் அணுக்கள் இருக்கும். இரும்புக்கு இது 55.85 கிராம், செம்புக்கு 63.55 கிராம். எடையை இந்த எண்ணால் வகுத்தால் மோல் எண்ணிக்கை கிடைக்கும்.

இரண்டு சமன்பாடுகள், ஒரு தராசு

இரும்புக்கு இரண்டு வகை அயனிகள் உண்டு. இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் ஃபெரஸ் அயனி. மூன்றை இழந்தால் ஃபெரிக் அயனி. எனவே இந்த வினைக்கு இரண்டு சமன்பாடுகளை எழுத முடியும்.

முதலாவது: 1 இரும்பு + 1 காப்பர் சல்பேட் → 1 ஃபெரஸ் சல்பேட் + 1 செம்பு

இரண்டாவது: 2 இரும்பு + 3 காப்பர் சல்பேட் → 1 ஃபெரிக் சல்பேட் + 3 செம்பு

இரண்டுமே சமன் செய்யப்பட்ட சமன்பாடுகள்தான். தாளில் மட்டும் பார்த்தால் எது சரி என்று சொல்ல முடியாது. முதலாவது சரியென்றால் ஒரு மோல் இரும்புக்கு ஒரு மோல் செம்பு கிடைக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் ஒன்றரை மோல் கிடைக்க வேண்டும். எது நடக்கிறது என்பதைத் தராசு சொல்லும்.

செய்முறை

தேவையானவை: 1.40 கிராம் தூய இரும்புத் தூள், 10.0 கிராம் காப்பர் சல்பேட் படிகம், 100 மி.லி. மற்றும் 250 மி.லி. முகவைகள், கண்ணாடிக் கலக்கி, 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, காந்தம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை.

1. காய்ந்த வெறும் முகவையை (100 மி.லி.) எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அதில் காப்பர் சல்பேட்டை இட்டு 50 மி.லி. வெந்நீர் ஊற்றி முழுவதும் கரைக்க வேண்டும்.

3. இரும்புத் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால், படியும் செம்பு இரும்புத் துகள்களை மூடிக்கொண்டு உள்ளிருக்கும் இரும்பு வினைபுரியாமல் தடுத்துவிடும்.

4. கரைசலைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வைத்து, 10 முதல் 15 நிமிடம் அவ்வப்போது கலக்க வேண்டும்.

5. செம்பு அடியில் தங்கியதும், தெளிந்த கரைசலை மெதுவாக 250 மி.லி. முகவையில் இறுத்துவிட வேண்டும். பிறகு நீர் ஊற்றிக் கலக்கி, தங்கவிட்டு, மறுபடியும் இறுக்க வேண்டும். நீலம் முற்றிலும் போகும்வரை இப்படிக் கழுவ வேண்டும்.

6. கடைசியாகச் சிறிது அசிட்டோன் ஊற்றி இறுத்துவிட்டால் ஈரம் விரைவில் உலரும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் சுடர் இருக்கக் கூடாது.

7. முகவை நன்கு காய்ந்ததும் எடைபோட வேண்டும். வெறும் முகவையின் எடையைக் கழித்தால் கிடைப்பது செம்பின் நிறை.

காப்பர் சல்பேட்டை ஏன் 10 கிராம் எடுக்க வேண்டும்? 1.40 கிராம் இரும்பு 0.0251 மோல். முதல் சமன்பாட்டுக்கு 0.0251 மோல் காப்பர் சல்பேட் போதும், இரண்டாவதற்கு 0.0376 மோல் தேவை. ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த காப்பர் சல்பேட் படிகத்தின் மோலார் நிறை 249.7 கிராம் என்பதால், 10 கிராமில் 0.0400 மோல் உள்ளது. இரண்டில் எது நடந்தாலும் செம்பு உப்பு தீர்ந்துபோகாது. குறைவாக எடுத்தால், இரண்டாவது சமன்பாட்டுக்கு வாய்ப்பே தராமல் முதலாவதற்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். இங்கே முதலில் தீர்ந்துபோகும் இரும்பே வினையின் அளவைத் தீர்மானிக்கிறது. அத்தகைய பொருளை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பர். காப்பர் சல்பேட் மிகுதியாக இருப்பதால், வினை முடிந்த பின்னும் கரைசலில் ஓரளவு நீலம் எஞ்சி நிற்கும்.

கணக்கு

ஒன்றுக்கு ஒன்று என்றால் கிடைக்க வேண்டிய செம்பு: 0.0251 × 63.55 = 1.59 கிராம் (ஏறத்தாழ).

இரண்டுக்கு மூன்று என்றால்: 0.0376 × 63.55 = 2.39 கிராம்.

ஒரு குழுவுக்கு 1.52 கிராம் கிடைத்ததாகக் கொள்வோம். 1.52-ஐ 63.55-ஆல் வகுத்தால் 0.0239 மோல். இதை 0.0251-ஆல் வகுத்தால் விகிதம் 0.95. இன்னொரு குழுவுக்கு 1.71 கிராம் கிடைத்தால் விகிதம் 1.07. இரண்டும் சரியாக 1 அல்ல. ஆனால் இரண்டுமே 1-க்கு அருகில் உள்ளன, 1.5-க்கு அல்ல. 1.59-க்கும் 2.39-க்கும் இடையே இருக்கும் இடைவெளி பெரியது. எனவே பத்து விழுக்காடு பிழை நேர்ந்தாலும் தீர்ப்பு மாறாது. முதல் சமன்பாடே சரி: இரும்பு இங்கே ஃபெரஸ் அயனியாகிறது.

கிடைத்த விகிதத்தை 1.00 என்று திருத்தி எழுதுவது இப்பரிசோதனையின் பயனையே கெடுத்துவிடும். 0.95 என்று எழுதி, குறைந்த 0.05 எங்கே போயிற்று என்று தேடுவதே வேதியியல்.

விடை விலகுவதற்கான காரணங்கள்

செம்பின் நிறை கூடுவதற்குக் காரணங்கள்: முழுவதும் காயாத ஈரம், சரியாகக் கழுவப்படாத காப்பர் சல்பேட், அதிகச் சூட்டில் காயவைத்ததால் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்தல்.

குறைவதற்குக் காரணங்கள்: இறுக்கும்போது நுண்ணிய செம்புத் தூள் நீரோடு போய்விடுதல்; இரும்புத் தூளில் ஏற்கெனவே துரு இருத்தல்; வினைபுரியாத இரும்பு உள்ளே எஞ்சி நிற்றல். காப்பர் சல்பேட் கரைசல் சற்றே அமிலத்தன்மை உடையது. அதனால் இரும்பில் ஒரு சிறு பகுதி செம்பை வெளியேற்றாமல் ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டுக் கரைந்துபோகும். வினையின்போது காணப்படும் சிறு குமிழிகள் இதன் அடையாளம்.

இரும்பு எஞ்சியிருக்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. காய்ந்த செம்புத் தூளை எடைபோட்ட பின், பாலித்தீன் உறையில் சுற்றிய காந்தத்தை அதன் அருகில் கொண்டு போக வேண்டும். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படாது. ஒட்டிக்கொள்ளும் துகள் எதுவாயினும் அதில் இரும்பு இருக்கிறது.

ஆணியைக் கொண்டு இக்கணக்கைச் செய்வது கடினம். மேற்பரப்பில் செம்பு படிந்ததும் உள்ளே உள்ள இரும்பு மறைந்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் பளபளப்பான ஆணிகளில் சில துத்தநாகப் பூச்சு உடையவை. அவற்றில் முதலில் வினைபுரிவது இரும்பு அல்ல, துத்தநாகம். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைப் போட்டால் செம்பு படிவதே அரிது. அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம் அதைக் காக்கிறது.

ஃபெரிக் ஏன் உருவாவதில்லை?

செம்பு அயனிக்கு ஓர் உலோகத்திலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் ஆற்றல் அளவோடுதான் உண்டு. இரும்பு அணுவிடமிருந்து முதல் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற அது போதும். ஃபெரஸ் அயனியிடமிருந்து மூன்றாவதைப் பறிக்கப் போதாது. எண்களில் சொன்னால், செம்பு அயனி – செம்பு இணையின் திட்ட மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், ஃபெரஸ் அயனி – இரும்பு இணைக்கு −0.44 வோல்ட், ஃபெரிக் – ஃபெரஸ் இணைக்கு +0.77 வோல்ட். செம்பின் எண் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் காணலாம். மின்னணுச் சுற்றுப் பலகை செய்வோர், பலகையில் வேண்டாத செம்பைக் கரைக்க ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஃபெரிக் அயனி செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஃபெரஸ் அயனியாகிறது. ஆகவே, நம் முகவையில் ஃபெரிக் அயனி உருவானாலும், படிந்த செம்பே அதை மீண்டும் ஃபெரஸ் அயனியாக மாற்றிவிடும்.

பிற மோல் விகிதங்கள்

ஓர் உலோகம் இழக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மற்றது பெறும் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். இந்த ஒரே விதியிலிருந்து எல்லா விகிதங்களும் வருகின்றன.

செம்பும் சில்வர் நைட்ரேட்டும்: செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது, வெள்ளி அயனி ஒன்றை மட்டுமே பெறுகிறது. எனவே ஒரு மோல் செம்புக்கு இரண்டு மோல் வெள்ளி. நிறையில், ஒரு கிராம் செம்பு கரைந்தால் ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளி படியும். நைட்ரிக் அமிலத்தில் கரைந்த வெள்ளியை மீட்பதற்குச் சுத்திகரிப்புப் பட்டறைகளில் செம்புத் தகடு போடுவது இந்த வினையால்தான்.

அலுமினியமும் காப்பர் சல்பேட்டும்: அலுமினியம் மூன்று எலக்ட்ரான்களை இழக்கிறது, எனவே இரண்டு மோல் அலுமினியத்துக்கு மூன்று மோல் செம்பு. ஆனால் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலம் வினையைத் தடுக்கும். கரைசலில் சிறிது சமையல் உப்பைச் சேர்த்தால் வினை விரைந்து தொடங்கும்.

அலுமினியமும் இரும்பு ஆக்சைடும்: இது கரைசல் இல்லாத இடப்பெயர்ச்சி. இரண்டு மோல் அலுமினியம் ஒரு மோல் ஃபெரிக் ஆக்சைடிலிருந்து இரண்டு மோல் இரும்பை வெளியேற்றுகிறது. வெப்பம் மிகுந்து இரும்பு உருகி ஓடுவதால், ரயில் தண்டவாளங்களை இணைக்க இவ்வினை பயன்படுகிறது. ஆக்சைடும் அலுமினியமும் நிறையில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தேவைப்படும். இதைப் பள்ளியிலோ வீட்டிலோ செய்து பார்க்கக் கூடாது.

தோட்டத்தில் அதே வினை: போர்டோ கலவை

பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடியைத் தாக்கிய அடிச்சாம்பல் நோய்க்கு, காப்பர் சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை 1885-இல் பேராசிரியர் மில்லார்டே அறிவித்தார். இன்றும் முந்திரி, எலுமிச்சை, தென்னை போன்ற பயிர்களின் பூஞ்சை நோய்களுக்கு அது பயன்படுகிறது. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு 1 கிலோ காப்பர் சல்பேட்டை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, இரண்டையும் கலக்கியபடியே ஒன்றாகச் சேர்ப்பார்கள்.

செம்பு முழுவதும் சுண்ணாம்போடு சேர்ந்து வீழ்படிவாகிவிட வேண்டும். கரைந்த நிலையில் செம்பு எஞ்சினால் இலையும் தளிரும் கருகிவிடும். இதை அறிய உழவர்களுக்குச் சொல்லித் தரப்படும் சோதனை, ஆய்வகப் பரிசோதனையேதான்: நன்கு தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியையோ அரிவாளையோ கலவையில் சிறிது நேரம் நனைத்து எடுக்க வேண்டும். அலகில் செந்நிறம் படிந்தால் கரைந்த செம்பு இன்னும் இருக்கிறது. மேலும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். செந்நிறம் படியாவிட்டால் கலவை தெளிக்க ஏற்றது.

எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்பது மோல் கணக்கு. ஒரு கிலோ காப்பர் சல்பேட் படிகம் 4.0 மோல். ஒரு மோலுக்கு ஒரு மோல் சுண்ணாம்பு என்று கொண்டால், தூய சுட்ட சுண்ணாம்பு 225 கிராம் போதும். நீற்றிய சுண்ணாம்பாயின் 297 கிராம். அப்படியிருக்க 1 கிலோ ஏன்? கடைச் சுண்ணாம்பு தூயதல்ல. அதோடு, திறந்து வைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். அப்படி மாறிய பகுதி செம்பை வீழ்படிவாக்க எளிதில் உதவாது. ஆகவே சுண்ணாம்பை வேண்டுமென்றே மிகுதியாக எடுத்து, செம்பை வினைக்கட்டுப்பாட்டுக் காரணியாக்குகிறார்கள். பழைய சுண்ணாம்பாக இருந்தால் 1 கிலோவும் போதாமல் போகலாம். அப்போது காப்பது கத்திச் சோதனையே.

இக்கலவையை இரும்பு வாளியில் தயாரிக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம். ஒரு கிலோ காப்பர் சல்பேட் முழுவதும் இரும்போடு வினைபுரிந்தால், ஏறத்தாழ 224 கிராம் இரும்பைக் கரைத்துவிட்டு 254 கிராம் செம்பைப் படியவைக்கும். வாளியும் ஓட்டையாகும், மருந்தும் வீணாகும். பிளாஸ்டிக் தொட்டியோ மண்பானையோ ஏற்றது.

வரலாறு

மயில் துத்தம் சித்த மருத்துவத்தில் துருசு என்ற பெயராலும் வழங்கப்படுகிறது. நீலக் கரைசலில் நனைத்த இரும்பு செம்பாகத் தோன்றுவதைக் கண்ட பழங்கால இரசவாதிகள் பலர், இரும்பே செம்பாக உருமாறியதாகக் கருதினர். சீனாவில் சோங் வம்சத்தினர் ஆட்சியில், கி.பி. 11-ஆம் நூற்றாண்டில், செம்பு கலந்த சுனைநீரில் இரும்புத் தகடுகளை இட்டுப் பெருமளவில் செம்பு எடுத்தனர். பிரிட்டனின் ஆங்கிள்சி தீவில் உள்ள பாரிஸ் மலைச் சுரங்கத்திலும் 18-ஆம் நூற்றாண்டில் கழிவு இரும்பைக் குளங்களில் இட்டுச் செம்பு சேகரித்தனர். உருமாற்றம் என்ற கருத்தை வீழ்த்தியது தராசு. செம்பு கூடும்போதெல்லாம் கரைசலில் செம்பு குறைகிறது, இரும்பு கூடுகிறது. எந்த அணுவும் வேறொன்றாக மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

பாதுகாப்பும் கழிவும்

காப்பர் சல்பேட் நச்சுத்தன்மை உடையது. வாயில் படக் கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எஞ்சிய நீலக் கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது. கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலும் மீன்களுக்கும் நீர்ப்பாசிகளுக்கும் தீங்கு செய்யும். அதைச் சுத்தப்படுத்தவும் இதே வினை உதவும். பரிசோதனை முடிந்ததும் எல்லாக் குழுக்களின் கரைசல்களையும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நாரை அதில் போட்டு, நீலம் முற்றிலும் மறையும்வரை ஓரிரு நாள் விட்டு வைக்கலாம். செம்பு அடியில் தங்கிவிடும். அதைக் கழுவி உலர்த்தி எடுத்துவைத்துக்கொண்டு, எஞ்சும் இளம்பச்சை நீரை ஆசிரியரின் வழிகாட்டுதலின்படி அப்புறப்படுத்த வேண்டும். வாளியில் இருந்த செம்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, போட வேண்டிய இரும்பு நாரின் எடையை முன்கூட்டியே சொல்வது இப்பாடத்துக்கு நல்ல பயிற்சி.